சுறாவுக்குப் பயந்தால் எந்தக் கடலில் இறங்குவது? கோத்தகிரியில் போட்ட ஒரு கணக்கு

அக்கா மகள் கோவையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள் அடுப்படியில் நின்றுகொண்டு, "மே லீவுல சர்ஃபிங் கத்துக்கப் போறேன் மாமா" என்றாள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. "கடல்லயா? சுறா இருக்குமேடி" என்றார். அன்று ராத்திரி வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அம்மா கடலைப் பார்த்தது வாழ்நாளில் ஒரே தடவை. இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கிய அந்த நாள். அப்போது அவருக்கு வயது பதினாறு. கப்பலில் யாரோ ஒரு மனிதர், "எட்டிப் பாக்காத பிள்ள, கீழ சுறா சுத்துது" என்று மிரட்டியிருக்கிறார். பிறகு டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம், கோத்தகிரி என்று காலம் ஓடிவிட்டது. அந்த மனிதர் சொன்னது மட்டும் அம்மாவுக்குள் அப்படியே இருக்கிறது.

நான் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் 'எது ஆபத்து, எது பயம்' என்று பிரித்துப் பார்ப்பது மலையில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தினப்படி வேலை. ஆகவே கணக்குப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவள் கையில் நான்கு இடங்கள் இருந்தன: சென்னைக்குத் தெற்கே கோவளம், மங்களூருக்கு வடக்கே முல்கி, இலங்கையில் அறுகம்பை, ஆஸ்திரேலியாவில் பெர்த். பெர்த்தில் என் தம்பி இருக்கிறான், தங்க இடம் இலவசம். அம்மா சொன்ன ஐந்தாவது யோசனை, "பேசாம வீட்டுல இரு."

முதலில் உலகக் கணக்கைப் பார்த்தேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா அருங்காட்சியகத்தில் சர்வதேச சுறாத் தாக்குதல் பதிவேடு ஒன்றைப் பராமரிக்கிறார்கள். மனிதர் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்தது ஒரு கணக்கு. தூண்டிலிலிருந்தோ வலையிலிருந்தோ கழற்றும்போது கடிபட்டது வேறு கணக்கு. தானாகக் கடித்தது 2023-இல் உலகம் முழுக்க 69 தடவை, அதில் இறந்தவர்கள் 10 பேர். 2024-இல் 47 தடவை, இறந்தவர்கள் 4 பேர். 2023-இல் கடிபட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் அலைச்சறுக்குக்காரர்கள், அதாவது சர்ஃபிங் செய்கிறவர்கள்.

அதே 2023-இல், செப்டம்பர் 30 அன்று, குன்னூர் மரப்பாலம் பக்கத்தில் தென்காசிக்காரர்கள் வந்த சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் விழுந்தது. 9 பேர் இறந்தார்கள். உலகத்துச் சுறாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் செய்ததை, நம் மலைப்பாதை ஒரே சாயங்காலத்தில் கிட்டத்தட்ட செய்துவிட்டது.

இதைச் சொன்னதும் அக்கா மகளுக்குச் சந்தோஷம். எனக்குத்தான் என் கணக்கிலேயே ஓட்டை தெரிந்தது. மலைப்பாதையில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்குகிறோம். அலைமேல் பலகையோடு நிற்கிறவர்கள் எத்தனை பேர்? கோத்தகிரி மார்க்கெட்டில் நிற்கிறவனைச் சுறா கடிக்கப் போவதில்லை. அவனையும் சேர்த்து வகுத்தால் எந்த ஆபத்தும் சிறுத்துப்போகும். 'சுறாவைவிட தேங்காய் தலையில் விழுந்து சாகிறவர்கள்தான் அதிகம், வருடத்துக்கு 150 பேர்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அந்த 150-க்கு எந்த ஆதாரமும் கிடையாது. இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடலுக்குள் தென்னை மரம் இல்லையே.

உலக சராசரி எப்படிக் காலை வாரிவிடும் என்பதற்கு ரீயூனியன் போதும். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான சின்னத் தீவு, நம் தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் தீவும்கூட. 2011-க்கும் 2019-க்கும் இடையில் மட்டும் அங்கே 11 பேரைச் சுறா கொன்றது. 2013-இல், பவளத்திட்டு அணைத்த காயலுக்கு வெளியே குளிப்பதற்கும் சறுக்குவதற்கும் அரசே தடை போட்டது. அந்தத் தீவில் பலகையோடு நிற்பவனிடம் போய், 'உலகத்தில் வருடத்துக்கு நாலைந்து பேர்தான் தம்பி' என்று சொல்ல முடியுமா? பிரேசிலில் ரெசிஃபே நகரக் கடற்கரையும் அப்படித்தான். பக்கத்தில் துறைமுகம் கட்டி ஆற்றுமுகத்தைக் குலைத்த பிறகு, 1992 முதல் அங்கே தாக்குதல்கள் தொடர்ந்தன.

ஆக, 'சுறா இருக்கிறதா' என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. கோத்தகிரியில் கரடி இருக்கிறதா என்று நாம் யாராவது கேட்கிறோமா? இருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் குறுக்குப் பாதை, மணி என்ன, பழம் பழுத்திருக்கும் மாதமா, எண்ணெய் தேடி அது வரும் விளக்கு எரிகிற கோயில் பக்கமா என்றுதான் பார்ப்போம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் போகாதே என்பதுதான் இங்கே சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தரும் பாடம். கடலுக்கும் இதே போலக் கேள்விகள் உண்டு. மனிதரைக் கொல்லும் சம்பவங்களில் பெரும்பாலும் பேர் அடிபடுவது மூன்று வகைதான்: பெரிய வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. வெள்ளைச் சுறாவுக்குக் குளிர்ந்த கடல் வேண்டும். காளைச் சுறா ஆற்றுமுகம், கலங்கல் தண்ணீர் என்று திரியும். நல்ல தண்ணீரிலேயே ஏறி வரும். விடியலிலும் அந்தியிலும் இரை தேடுவது இவற்றின் வழக்கம், நம்மூர் மிருகங்களைப் போலவே.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்தேன்.

பெர்த்

நான்கில் சுறாவைப் பற்றி உண்மையாகவே யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் கடல் வெள்ளைச் சுறாவின் வீடு. 2018 ஏப்ரலில் மார்கரெட் ரிவர் பக்கம் ஒரே நாளில் இரண்டு சறுக்குவீரர்கள் கடிபட்டு, அங்கே நடந்துகொண்டிருந்த உலகப் போட்டியையே பாதியில் ரத்து செய்தார்கள். பக்கத்துக் கரையில் திமிங்கிலங்கள் செத்து ஒதுங்கியிருந்தது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

அதே சமயம் அங்கே இருக்கும் ஏற்பாடும் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பிடித்த சுறாக்களின் உடம்பில் ஒலிக்கருவி பொருத்தி விடுகிறார்கள். அது கடலில் மிதக்கும் ஒலிவாங்கியைக் கடந்தால் செயலிக்குத் தகவல் வந்துவிடுகிறது. தம்பி அந்தச் செயலியைக் காட்டினான். வரைபடத்தில் சின்னச் சின்னச் சுறாப் படங்கள். எனக்குப் பார்த்ததும் கூடலூர் பக்கம் யானை வந்தால் குறுஞ்செய்தி அனுப்புவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. காட்டெஸ்லோ கடற்கரையில் வலைத்தடுப்புக்குள் பயமில்லாமல் நீந்தலாம். ஆனால் நீந்தத்தான் அது. தடுப்புக்குள் சறுக்குவதற்கான அலை எங்கே வரப்போகிறது? சிட்னிப் பக்கம் 1937 முதல் போட்டுவரும் சுறா வலைகளையும் பலர் மதில்சுவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றும் 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம், அவ்வளவுதான். மேலேயும் ஓரத்திலும் சுறா தாராளமாகப் போய்வரும். ஆமையும் டால்பினும் மாட்டிச் சாவதுதான் மிச்சம்.

சுறாவை விரட்டும் கருவிகள் என்று விற்பவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018-இல் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து கருவிகளை வெள்ளைச் சுறாக்கள் முன்னால் வைத்துச் சோதித்தார்கள். எந்தக் கருவியும் இல்லாதபோது சுறா இரையைக் கவ்வியது நூற்றுக்கு 96 தடவை. பலகையில் பொருத்தும் மின்புலக் கருவி ஒன்று அதை 40-ஆகக் குறைத்தது. காந்த வளையம், மணம் பூசிய மெழுகு எல்லாம் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எங்கள் ஆள் அந்தக் காந்த வளையம் ஒன்றை ஏற்கெனவே கார்ட்டில் போட்டு வைத்திருந்தாள். நீக்கச் சொல்லிவிட்டேன். 40 என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் பெர்த்தைத் தள்ளியதற்குச் சுறா முதல் காரணம் இல்லை. மே, ஜூன் அங்கே குளிர்காலம் தொடங்கும் நேரம், அலை கற்றுக்குட்டிக்கு ஏற்றதாக இருக்காது, திமிங்கிலங்கள் வடக்கே கிளம்பும் பருவமும் அதுதான். விசாச் செலவு வேறு. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முல்கி

இந்தியாவில் சர்ஃபிங் வேர்விட்ட இடங்களில் முல்கி முக்கியமானது. கோவையில் இரவு ரயில் ஏறினால் காலையில் மங்களூர், அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. டிசம்பராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லியிருப்பேன். மே கடைசியில் மேற்குக் கரையில் கடல் குணம் மாறிவிடும். ஜூனில் மழை பிடித்தால் அவ்வளவுதான்.

இன்னொன்று, முல்கி சாம்பவி ஆறு கடலில் சேரும் இடம். ஆற்றுமுகம் என்றால் காளைச் சுறா என்று எழுதினேன் இல்லையா, அது வெறும் புத்தகச் சேதி இல்லை. 2024 பிப்ரவரியில் இதே மேற்குக் கரையில், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், வைதர்ணா ஆற்றில் இறங்கிய ஒருவரின் காலைச் சுறா கவ்வியது. அது முல்கியில் இருந்து வெகுதூரம். உலகப் பதிவேட்டிலும் இந்தியாவின் எண்ணிக்கை இருபதை எட்டாது, ஆஸ்திரேலியாவுக்கு அது நூற்றுக்கணக்கில். நம் ஊரில் நடப்பதெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குப் போய்ச் சேருமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே முல்கி வேண்டாம் என்பதல்ல என் முடிவு. புது மழையில் ஆறு செம்மண் கலங்கலாக இறங்கும்போது அந்த முகத்தில் இறங்காதே, அவ்வளவுதான்.

அறுகம்பை

இந்தப் பேரைச் சொன்னதும் அம்மா, "பொத்துவில் பக்கமா?" என்று கேட்டார். எனக்கு ஆச்சரியம். "பதுளையில இருந்து பஸ்ஸு போகும்னு சொல்லுவாங்க. நாங்க எங்க போனோம், கொழுந்து எடுக்கவே நேரம் பத்தாது." பிறகு சிறிது நேரம் பேசவில்லை. பேத்தி அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பினால் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கும் ஓடாமல் இல்லை.

பருவம் சரியாகப் பொருந்துகிறது: ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை அங்கே அலைக்காலம். பழகுகிறவர்களுக்கென்றே 'பேபி பாயிண்ட்' என்று சின்ன அலை உடையும் இடம் இருக்கிறது. சுறாவைப் பற்றிப் பெரிய பேச்சு இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளிப்போனால் 'யானைப் பாறை', 'முதலைப் பாறை' என்று அலைமுனைகளுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். பேரை விளையாட்டுக்கு வைக்கவில்லை. 2017 செப்டம்பரில் அந்தப் பக்கத்துக் காயலில் பிரிட்டன் பத்திரிகையாளர் ஒருவரை முதலை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. அவர் நின்றது கடலில் இல்லை, காயல் ஓரத்தில். எல்லோரும் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது? நீலகிரியில் இருந்து போகிறவளுக்கு அங்கேயும் யானைதானா என்று அக்கா சிரித்தாள்.

பெரிய அலை உடையும் முனையில் அடியில் பாறையும் பவளத்திட்டும். விழுந்தால் தோல் உரியும். விமானம், கொழும்பில் இருந்து தீவைக் குறுக்கே கடக்கும் நெடும்பயணம் எல்லாம் பார்த்தால், பலகை மேல் நிற்கத் தெரிந்தபின் போகும் இடம் இது. அடுத்த வருடம் வேண்டுமானால் போகலாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

கோவளம்

மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர். இங்கே சர்ஃபிங் சொல்லித்தருகிறவர்கள் பலர் மீனவக் குப்பத்துப் பிள்ளைகள். மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகப் பழகி, ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்த்த இடம் இது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தரும் நீலக் கொடிச் சான்று இதற்கு 2021-இல் கிடைத்தது. அடியில் மணல், மே மாதத்தில் தெற்கில் இருந்து வரும் அலை, கற்றுக்கொள்ளத் தோதானது.

அங்கே பயிற்சி தரும் ஒருவருக்குப் போன் போட்டு நேராகவே கேட்டேன்: "தம்பி, சுறா வருமா?" அவர் சிரித்துவிட்டார். "அண்ணே, பெரிய சுறாவைப் பாக்கணும்னா நாங்க போட்ல எவ்ளோ தூரம் போகணும் தெரியுமா? வலையில வர்றது பால் சுறாதான். அதுவும் முன்ன மாதிரி இல்ல." அவர் சொன்னது சரிதான். 1970-க்குப் பிறகு அரை நூற்றாண்டில் திறந்த பெருங்கடலில் வாழும் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. தின்பவர்கள் நாம்தான். அக்கா இவளைப் பெற்றபோது, தாய்ப்பால் ஊறும் என்று மேட்டுப்பாளையத்தில் இருந்து வரும் மீன்வண்டிக்காகக் காலையிலேயே காத்திருந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்தது இதே அம்மாதான். சுறாவுக்கு இவள்மேல் கோபம் இருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பிறகு அவர் ஒன்று கேட்டார்: "பொண்ணுக்கு நீச்சல் தெரியுமா?"

நான்கு இடத்துக்குப் பேசியதில் இதைக் கேட்டது அவர் ஒருவர்தான். கோவளத்தில் பயப்பட வேண்டியவை எவை என்று அவரே அடுக்கினார். கரையில் உடையும் அலை திரும்பும்போது வாய்க்கால் போல ஓர் ஓட்டம் கடலுக்குள் இழுக்கும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தினால் மூச்சு வாங்கி முங்கிவிடுவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். அடுத்தது, சொந்தப் பலகை. சர்ஃபிங்கில் தையல் போடும் காயங்களில் பெரும்பகுதி தன் பலகையோ அதன் அடியில் துடுப்பு போல இருக்கும் ஃபின்னோ பட்டு வருவது. அதனால்தான் முதலில் மெத்தென்ற பலகை தருகிறார்கள். பிறகு கொட்டி வைத்திருக்கும் கருங்கல், சில நாட்களில் சொறிமீன். நான் சேர்த்தது ஒன்று: கத்திரி வெயில். கோத்தகிரிப் பிள்ளை மே மாதம் கடற்கரையில் பத்து மணிக்கு மேல் நின்றால் மயக்கம் போட்டு விழுவாள். வகுப்பு காலை ஆறு மணிக்கு. விடியலில் இறங்காதே என்ற சுறா விதி இங்கே லேசாக முட்டுகிறது. சூரியன் நன்றாக ஏறி, தண்ணீருக்குள் கால் தெரிந்தபின் இறங்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறேன். மழை பெய்து முட்டுக்காடு கழிமுகம் கலங்கியிருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். கழுத்தில் மின்னும் சங்கிலி வேண்டாம், வலை அலசும் இடத்தில் இறங்க வேண்டாம், தனியாக ஒருபோதும் வேண்டாம். இதில் முக்கால்வாசி நம் மலைக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் அவளை மனப்பாடம் செய்ய வைத்தேன். சுறாக் கடியில் உயிர் போவது பெரும்பாலும் காலில் இருந்து ரத்தம் கொட்டித்தான். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சொல்லித்தருவது: ஆளைக் கரையில் படுக்க வைத்து, தொடை இடுப்போடு சேரும் மடிப்பின் நடுவில் முஷ்டியை வைத்து உடம்புப் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்த வேண்டும். பலகைக் கயிற்றைச் சுற்றிக் கட்டுவதைவிட இது ரத்தத்தை நன்றாக நிறுத்தும். கோவளத்தில் இதற்கு வேலை வராது என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் வரலாம்.

வீட்டிலேயே இருப்பது

அம்மாவின் யோசனையையும் நியாயமாகப் பார்க்க வேண்டும் அல்லவா. மே மாதம் வீட்டில் இருந்தால் இவள் என்ன செய்வாள்? தோழிகளோடு ஸ்கூட்டியில் சுற்றுவாள். ஒரு நாள் மேட்டுப்பாளையம் போய் பவானியில் இறங்குவாள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால், முழங்கால் தண்ணீர் நிமிடங்களில் கழுத்துக்கு வந்துவிடும். வருடம் தவறாமல் அந்த ஆறு வெளியூர்ப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. உலகத்தில் தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்கள் வருடத்துக்கு சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அவர்களில் எவரையும் சுறா தொடவில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நீச்சல் ஒழுங்கா கத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார். கோவளத்துத் தம்பி கேட்ட அதே இடத்துக்கு அம்மாவும் வந்து சேர்ந்தார், கடலைப் பற்றி எதுவும் படிக்காமலேயே.

ஆக, கோவளம். மே இரண்டாம் வாரம், ஐந்து வகுப்பு. நிபந்தனை ஒன்று: கோவை நீச்சல் குளத்தில் நிற்காமல், சுவரைப் பிடிக்காமல் 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். முதல் தடவை அவளால் 60 தாண்ட முடியவில்லை. போன ஞாயிறு 150 வந்திருக்கிறாள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை.